மதகு அடைபட்ட பிள்ளைகள்

திருப்பதியில் எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் பயோட்டின் மாத்திரை கொடுப்பார்கள். முடி கொட்டுகிறது என்று சொல்லி ஆட்கள் வாங்கிப் போகும் 10 மில்லிகிராம் மாத்திரை. சில குழந்தைகளுக்கு அதுதான் உயிர். பயோட்டினிடேஸ் என்ற நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தையின் உடல், பயோட்டின் சத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தத் தெரியாமல் இழந்துகொண்டே இருக்கும். சில மாதங்களில் வலிப்பு வரும். தோல் புண்ணாகும், முடி உதிரும், பார்வையும் செவியும் மங்கும். தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்தால் இவை எதுவும் வராது. தாமதமாகக் கொடுத்தாலும் வலிப்பும் புண்ணும் நிற்கும். போன செவி மட்டும் பெரும்பாலும் திரும்புவதில்லை. அமெரிக்க மருத்துவர் பாரி வுல்ஃப் இந்த நோயை அடையாளம் கண்டு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அரிய மரபு நோய் என்றதும் கோடிகளில் விலை சொல்லும் ஊசியும், அதற்காக ஊரே சேர்ந்து பணம் திரட்டுவதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அப்படி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நொதிக் குறைபாட்டு நோய்களுக்கு மருந்து தேடிய நூறாண்டுக் கதையை முழுதாகப் படித்தால், கோடி ரூபாய் ஊசி அதில் ஒரு அத்தியாயம் மட்டுமே. கைக்கெட்டும் பொருளிலிருந்து வந்த மருந்துகள் பல. சில மருந்துகள் ஐதராபாத்திலேயே தயாராகின்றன. அவை இருந்தும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கிராமத்துக் குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், பல நேரங்களில் காரணம் ஒன்றுதான்: இது இன்ன நோய் என்று உரிய காலத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை.

சித்தூர்ச் சீமை ஏரிகளை நம்பி வாழ்ந்த பூமி. நொதி என்ன செய்கிறது என்பதை இங்குள்ளவர்களுக்கு மதகை வைத்துச் சொல்வதே எளிது. நாம் உண்பது உடலுக்குள் ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே கீழே இறங்குகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மதகு, அதுதான் நொதி. ஒரு மதகு அடைபட்டால் மேலே நீர் தேங்கும், கீழே கழனி காயும். தேங்கிய நீர் கரையை உடைத்துக்கொண்டு போகக் கூடாத இடத்துக்கும் போகும். மூன்றில் எது குழந்தையைக் கொல்கிறது என்பது நோய்க்கு நோய் வேறுபடும். மருந்து தேடியவர்கள் போன வழிகளும் அதற்கேற்பப் பிரிந்தன: புது மதகு வைப்பது, வரத்தைக் குறைப்பது, காய்ந்த கழனிக்கு வேறு வழியில் நீர் கொண்டுவருவது, பழுதான மதகையே செப்பனிடுவது.

இந்த நோய்களை முதலில் ஓர் இனமாகக் கண்டவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். சிறுநீர் காற்றுப்பட்டுக் கறுத்துப்போகும் அல்காப்டனூரியா என்ற நோயைப் பற்றி 1902-ல் எழுதினார். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை உறவில் மணந்தவர்கள் என்பதை அப்போதே கவனித்துக் குறித்தார். மரபணு என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது.

கேரட் கவனித்த அந்த உறவு நம் ஊரில் வாழ்க்கை முறை. தமிழில் சொந்தத்தில் கட்டுவது என்போம், தெலுங்கில் மேனரிகம். அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் பாலாற்றின் இரு கரையிலும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உறவுக்குள் நடந்த திருமணங்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28, ஆந்திரத்தில் 26. நாடு முழுதுக்கும் 11 தான்.

இதன் பொருளை ஒரு கணக்கால் சொல்லலாம். ஒரு நோய்க்கான பழுதான மரபணுவின் ஒரு பிரதியை நூற்றில் ஒருவர் சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். உறவில்லாத இருவர் மணந்தால் 40,000 பிறப்பில் ஒன்றுக்கு நோய் வரலாம். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் ஏறத்தாழ 3,000-ல் ஒன்று. தாய்மாமன் அக்கா மகளை மணந்தால் ஏறத்தாழ 1,550-ல் ஒன்று. இந்தக் கணக்கு ஒரே ஒரு நோய்க்கு மட்டும். இப்படிப்பட்ட நோய்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது, சேர்த்து எண்ணினால் அப்படிச் சொல்ல முடியாது. உறவுக்குள் மணந்த பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள் பிறக்கின்றன என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. ஆகவே திருமணத்தைக் குற்றமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயோடு பிறந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் போய் ஏன் மாமனைக் கட்டினாய் என்று கேட்பதால் ஒரு சொட்டு மருந்தும் கிடைக்காது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைத்தால் பயனுண்டு.

சாதிக்குள்ளேயே நூற்றாண்டுகளாக மணந்துவருவதும் இதே விளைவைத் தரும், நெருங்கிய உறவு இல்லாவிட்டாலும். ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரீக்கும் உள்ளிட்ட குழு 2017-ல் தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அவற்றில் 81 குழுக்கள், மரபு நோய் ஆய்வில் பேர்போன அஷ்கநாசி யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. அந்தக் கட்டுரை எடுத்துக்காட்டாகச் சொன்னது ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வணிகம் செய்துவரும் ஆரிய வைசியர்களை. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம். அச்சமூகத்தில் சிலருக்குப் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி ரத்தத்தில் அறவே இல்லை என்பதையும், அதற்குக் காரணமான மரபணுப் பிழை எது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

இந்தக் குறைபாடு உள்ளவர் ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பார். அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்கும்போதுதான் ஆபத்து. மயக்க மருத்துவர்கள் ஸ்கோலின் என்று அழைக்கும் ஊசி தசைகளைத் தளர்த்தும். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் அதன் வேகம், இவர்களுக்கு மணிக்கணக்கில் நீடித்து மூச்சை நிறுத்திவிடும். இதற்கு மருந்து என்பது அந்த மருந்தைக் கொடுக்காமல் இருப்பதுதான். கொடுத்துவிட்டால், வேகம் அடங்கும்வரை செயற்கை சுவாசத்தில் வைத்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்ந்திருந்தால் மற்றவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து ஆய்வு என்ற பெரிய சொல்லுக்குள் இந்தச் சிறு எச்சரிக்கையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி கோடி ரூபாய் ஊசிக்கு வருவோம். 1955-ல் கிறிஸ்தியன் த டுவே உயிரணுவுக்குள் லைசோசோம் என்ற கழிவறுக்கும் பைகளைக் கண்டார். அந்தப் பைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்கின்றன. ஒன்று இல்லாவிட்டால் கழிவு தேங்கும். காஷே, பாம்ப்பே, ஃபேப்ரி, எம்.பி.எஸ். என்று மருத்துவமனை வராந்தாக்களில் பெற்றோர் சொல்லப் பழகிக்கொண்ட பெயர்களெல்லாம் இந்தக் குடும்பம். காஷே நோயில் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கிக் குழந்தையின் வயிறு பானைபோல் ஆகும், ரத்தத் தட்டுகள் குறையும், எலும்பு வலிக்கும். ரத்தப் புற்றோ மலேரியாவோ என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ராஸ்கோ பிரேடி 1960களில் காஷே நோயில் எந்த நொதி இல்லை என்று கண்டார். இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டு, பிரசவ விடுதிகளிலிருந்து நஞ்சுக்கொடிகளைத் திரட்டி அந்த நொதியைப் பிரித்தெடுத்தார். கொடுத்துப் பார்த்தால், அது போக வேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்களுக்குப் போகவில்லை. நொதியின் மேல் ஒட்டியிருந்த சர்க்கரைச் சங்கிலியின் நுனியை வெட்டி, மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்த பிறகுதான் அந்த அணுக்கள் அதை அடையாளம் கண்டு உள்ளிழுத்தன. சர்க்கரை நுனியில் செய்த அந்தச் சிறு திருத்தத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1991-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்து தயாரிக்கச் சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. 1994-ல் சீன வெள்ளெலியின் அணுக்களில் மரபணுவை ஏற்றி அதே நொதியைத் தொழிற்சாலையில் வளர்க்கக் கற்றார்கள். அதே அச்சில் ஃபேப்ரிக்கு 2001, எம்.பி.எஸ். முதல் வகைக்கு 2003, பாம்ப்பேக்கு 2006 என்று மருந்துகள் வந்தன.

அமெரிக்கா 1983-ல் அநாதை மருந்துச் சட்டம் இயற்றியதும் இதற்குக் காரணம். 2 லட்சம் பேருக்குக் குறைவாக வரும் நோய்க்கு மருந்து கண்டால் 7 ஆண்டு தனி விற்பனை உரிமை தரும் சட்டம் அது. உரிமை மருந்தைக் கொண்டுவந்தது, விலையையும் கூடவே ஏற்றியது. காஷே ஊசியின் முழு அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 60 யூனிட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 10 கிலோ குழந்தைக்கு 600 யூனிட், அதே குழந்தை 30 கிலோ ஆகும்போது 1,800. மருந்து வேலை செய்து பிள்ளை வளர்ந்தால் செலவும் வளரும். எடை கூடியதைக் கண்டு மகிழ்வதா கலங்குவதா என்று பெற்றோர் திகைக்கிறார்கள். இந்த ஊசிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. நொதி பெரிய புரதம், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. வயிறு வற்றிவிடும், மூளையில் தேங்கியது அப்படியே கிடக்கும்.

ஆகவே வரத்தைக் குறைக்கும் வழியைச் சிலர் தேடினார்கள். தேங்கும் கொழுப்பை வெளியேற்ற முடியாவிட்டால் அது உற்பத்தியாவதையே குறைப்போம் என்ற யோசனை. புரத ஊசிக்குப் பதில் சிறு மூலக்கூறு, வாய்வழி விழுங்கும் மாத்திரை. காஷேக்கு எலிக்ளுஸ்டாட் 2014-ல் அனுமதி பெற்றது. மூளையைத் தொடாத முதல் வகைக் காஷே உள்ள பெரியவர்களுக்கானது அது. எடுப்பவரின் கல்லீரல் அந்த மருந்தை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று முதலில் மரபணுச் சோதனை செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

சிறு மூலக்கூறு என்றால் இந்தியாவுக்குக் கைவந்த கலை. 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விலைப் பட்டியல் நம் மருந்துத் தொழிலின் நல்ல பக்கங்களில் ஒன்று. எலிக்ளுஸ்டாட் ஆண்டுக்கு 1.8 முதல் 3.6 கோடி ரூபாய் ஆனது 3 முதல் 6 லட்சத்துக்கு இறங்கியது. டைரோசினீமியா முதல் வகைக்கான நிடிசினோன் 2.2 கோடியிலிருந்து 2.5 லட்சம். வில்சன் நோய்க்கான டிரையன்டீன் 2.2 கோடியிலிருந்து 2.2 லட்சம். தயாரித்த நிறுவனங்களில் பயோஃபோர், அதன் துணை நிறுவனம் ஜெனாரா, லாரஸ் லேப்ஸ், எம்.எஸ்.என். ஆகியவை ஐதராபாத்தைச் சேர்ந்தவை. நூற்றில் ஒரு பங்குக்கு விலை இறங்குமென்றால் முந்தைய விலையில் மூலப்பொருளின் பங்கு எவ்வளவு என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

நிடிசினோனின் கதை தனியே சொல்லத் தக்கது. நம்மூர்ப் பூங்காக்களில் சிவப்புத் தூரிகைபோல் பூத்துத் தொங்கும் பாட்டில் பிரஷ் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977-ல் கலிபோர்னியாவில் ஒரு ரசாயன நிறுவனத்தின் விஞ்ஞானி, அந்த மரத்தடியில் களை முளைப்பதில்லை என்று கவனித்தார். மரம் சுரக்கும் ஒரு பொருள் செடிகளின் ஒரு நொதியைத் தடுத்து இலைகளை வெளுக்க வைக்கிறது. அந்தப் பொருளை ஒட்டிக் களைக்கொல்லிகள் செய்தார்கள், அவற்றில் ஒன்று நிடிசினோன். செடியில் அது தடுக்கும் அதே நொதி மனிதக் கல்லீரலிலும் உண்டு. டைரோசினீமியாவில் பழுதானது அதற்குக் கீழே உள்ள மதகு. அங்கே தேங்கும் நஞ்சுதான் ஈரலை அழிக்கிறது. மேல் மதகை மருந்தால் மூடிவிட்டால் நஞ்சு உண்டாகவே உண்டாகாது. ஸ்வீடன் நாட்டு லிண்ட்ஸ்டெட் குழு இந்தத் துணிச்சலான யோசனையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1992-ல் லான்செட் இதழில் எழுதியது. கைக்குழந்தையாகவே இறந்துகொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

மேல் மதகை மூடினால் டைரோசின் என்ற அமினோ அமிலம் அதற்கும் மேலே தேங்கும். அதனால் புரதம் குறைந்த உணவும் வேண்டும். பால், முட்டை, பருப்பு எல்லாம் அளந்துதான் கொடுக்க வேண்டும். பப்பு இல்லாத சோறு சித்தூர் வீட்டில் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள் நீக்கிய தனிப் பால்மாவின் விலை மாத்திரையின் விலையைப் போல இறங்கவில்லை. மருந்து மலிவானதைக் கொண்டாடும்போது இதை மறந்துவிடுகிறோம்.

கேரட் 1902-ல் எழுதிய அல்காப்டனூரியாவும் இதே வாய்க்காலில் வரும் நோய்தான். குழந்தைப் பருவத்தில் துணியில் கறுப்புக் கறை, முப்பது வயதுக்குமேல் முதுகும் மூட்டும் தேய்ந்து முடங்குதல். லிவர்பூலில் ரங்கநாத் என்ற மருத்துவர் முன்னின்று நடத்திய பரிசோதனைகளின் பயனாக, 2020-ல் ஐரோப்பா நிடிசினோனை இந்த நோய்க்கும் அனுமதித்தது. கேரட் எழுதியதற்கும் மருந்து வந்ததற்கும் நடுவே 118 ஆண்டுகள். இந்த நோய் தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருப்பதையும், ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே மரபணுப் பிழைதான் காரணம் என்பதையும் தமிழக ஆய்வாளர்களும் ஸ்லோவாக்கிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-ல் எழுதினார்கள். ஊசிமணி விற்று, கோயில் திருவிழாக்களில் தங்கிப் பிழைக்கும் மக்கள். முதுகுவலி என்று அவர்கள் மருத்துவமனைக்குப் போனால் என்ன மருந்து கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் இங்கே இருக்கிறது, மரபணுப் பிழை தெரியும், மருந்து ஐதராபாத்தில் தயாராகிறது. இந்த மூன்றையும் இணைக்கும் மருந்து ஆய்வு ஒன்று தென்னிந்தியாவில் நடக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. உலகம் முழுக்க அரிது என்பதால் நோயாளிகள் கிடைக்காமல் திணறும் ஆய்வுகளுக்கு, இங்கே ஒரே சமூகத்தில் ஒரே பிழை உள்ள பலர் இருக்கிறார்கள். அவர்களை வெறும் ஆய்வுப் பொருளாக்காமல், ஆய்வு முடிந்த பின்னும் மருந்து அவர்களுக்குத் தொடரும் என்று எழுத்தில் உறுதி தந்துதான் அதைச் செய்ய வேண்டும்.

பழுதான மதகைத் தூக்கி நிறுத்தும் வழி இன்னொன்று உண்டு. பல நோயாளிகளில் நொதி அறவே இல்லாமல் இல்லை. உருவாகிறது, ஆனால் மடிப்பு கோணலாகிறது. கோணலானதை உயிரணு தன் தரச் சோதனையில் கழித்துக் கட்டிவிடுகிறது. அந்த நொதியின் கையைப் பிடித்து லைசோசோம்வரை கூட்டிப்போகும் சிறு மூலக்கூறு கிடைத்தால் போதும். 2009-ல் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைக் காஷே நொதியோடு வைத்துச் சலித்துப் பார்த்தார்கள். சிக்கியது அம்ப்ராக்சால். நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் இருமல் சிரப்பு.

அதன் குலமுறை இன்னும் வியப்பு. திருமலை அடிவாரத்திலும் வயல் வேலிகளிலும் வளரும் ஆடாதோடையை, தெலுங்கில் அட்டசரம், இருமலுக்குக் கஷாயமாகக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் செய்தார்கள். அது உடலுக்குள் மாறி உண்டாவதே அம்ப்ராக்சால். இது மூளைக்குள் நுழையக் கூடியது, நொதி ஊசியால் முடியாதது. ஜப்பானின் நாரிட்டா குழு மூளை பாதித்த காஷே நோயாளிகள் 5 பேருக்கு அதிக அளவில் கொடுத்து, வலிப்பும் தசைத் துடிப்பும் குறைந்ததை 2016-ல் எழுதியது. இந்தியக் காஷே குழந்தைகளில் மிக அதிகம் காணப்படும் எல்444பி பிழை, மூளையையும் தொடும் வகையோடு தொடர்புடையது என்பதால் இந்த வழி நமக்கு முக்கியம். ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வில் கொடுத்தது இருமலுக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு. எல்லாப் பிழையிலும் அது ஒரே மாதிரி வேலை செய்யாது. ஆடாதோடைக் கஷாயம் காஷேக்கு மருந்தல்ல. சிரப்பு பாட்டிலை வாங்கிப் பெற்றோர் தாமே அளவு கூட்டக் கூடாது. ஆனால் காப்புரிமை முடிந்துபோன, லாபம் குறைந்த இப்படிப்பட்ட மருந்தைப் பெரிய நிறுவனம் எதுவும் தன் பணத்தில் ஆராயாது. பொதுப் பணத்தில்தான் ஆராய வேண்டும்.

யூரியாச் சுழற்சி நோய்களும் இப்படித்தான். ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பச்சிளங்குழந்தை மயங்கிச் சாகும் நோய்கள் இவை. 1980களில் சால் புருசிலோ இவற்றுக்குச் சோடியம் பென்சோயேட் கொடுத்துப் பலன் கண்டார். ஊறுகாய் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அதே உப்பு. அம்மோனியாவாகப் போக வேண்டிய நைட்ரஜனை வேறு வழியில் சிறுநீருக்கு இழுத்துப் போகிறது.

காய்ந்த கழனிக்கு நீர் கொண்டுவருவதற்குப் பழைய எடுத்துக்காட்டு அட்ரினல் சுரப்பியின் 21-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு. 1950-லேயே கார்ட்டிசோன் கொடுத்து வழி கண்டுவிட்டார்கள். இன்று ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை மலிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது 5,762-ல் ஒன்றுக்கு இந்த நோய் இருந்தது. சென்னையில் மட்டும் 2,036-ல் ஒன்று. கடும் வகை உள்ள ஆண் குழந்தை பார்ப்பதற்கு இயல்பாக இருக்கும், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாந்தி, நீரிழப்பு என்று வந்து இறந்துபோகும். வயிற்றுப்போக்கு, சீழ்ப்பிடிப்பு என்று எழுதி அடக்கம் செய்துவிட்டு வருவார்கள். இப்படி எத்தனை குழந்தைகளை நம் ஊர்களின் மண் வாங்கிக்கொண்டதோ என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

மரபணுவையே திருத்தும் வழி வேகமாக வருகிறது. 2025-ல் பிலடெல்பியாவில் யூரியாச் சுழற்சி நொதி ஒன்று இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு, அதன் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தும் மருந்தை அரையாண்டுக்குள் தனியே தயாரித்துக் கொடுத்தார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு மருந்து. சித்தூரிலிருந்து 35 கிலோமீட்டரில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஹீமோஃபீலியா நோயாளிகள் 5 பேருக்கு அலோக் ஸ்ரீவஸ்தவா குழு செய்த மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அது நொதிக் குறைபாடு அல்ல, ரத்தம் உறைய உதவும் புரதத்தின் குறைபாடு. ஆனாலும் நோயாளியின் தண்டணுவை எடுத்து மரபணு ஏற்றித் திரும்பச் செலுத்தும் கைப்பழக்கம் நம் பக்கத்து ஊரில் இருக்கிறது என்பதை அது காட்டியது. அடுத்துக் காஷேக்கோ எம்.பி.எஸ்.-க்கோ இதைக் கேட்பது பேராசையல்ல.

பணம் யார் தருவது என்ற கேள்வி நீதிமன்றங்களில்தான் முதலில் பதில் தேடியது. 2014 ஏப்ரலில் காஷே நோயுள்ள ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு இலவசச் சிகிச்சை தர டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் மத்திய அரசு கொள்கை ஒன்று வகுத்து, அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தது. இப்போதிருக்கும் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. 2022-ல் ஒரு நோயாளிக்கான உச்சவரம்பை 50 லட்சம் ரூபாயாக்கினார்கள். ஒருமுறைச் சிகிச்சையில் தீரும் நோய்க்கு இது பெரிய உதவி. ஆயுள் முழுக்க ஊசி போட வேண்டிய பிள்ளைக்கு 50 லட்சம் தீர்ந்த மறுநாள் என்ன என்பதற்குக் கொள்கையில் பதிலில்லை. தொடங்கி நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிடக் கொடியது. 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா சிங், 2024-25, 2025-26 ஆகிய இரு ஆண்டுகளுக்கு 974 கோடி ரூபாயில் தேசிய நிதி அமைக்க உத்தரவிட்டார்.

ஆந்திரத்தில் 2022-ல் கோனசீமா மாவட்டத்துக் காஷே குழந்தை ஒன்றுக்கு மாநில அரசு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. 2016-ல் அப்போதைய சித்தூர் மாவட்டத்தில், ஈரல் நோயுள்ள எட்டு மாதக் குழந்தைக்குக் கருணைக் கொலை கேட்டுப் பெற்றோர் தம்பள்ளபல்லி நீதிமன்றத்துக்குப் போனார்கள். செய்தி பரவிய பிறகு அரசு செலவில் சென்னையில் ஈரல் மாற்று அறுவை நடந்தது. செய்தியானால் பணம் வருகிறது. செய்தியாகாத வீட்டுக்கும் வர வேண்டுமே.

2021 கொள்கை முதலில் அறிவித்த எட்டு உயர் சிகிச்சை மையங்களில் ஆந்திரத்துக்கு ஒன்றும் இல்லை. ஐதராபாத் இப்போது வேறு மாநிலம், தூரமும் அதிகம். பின்னால் சேர்ந்த சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும், முதலிலேயே இருந்த பெங்களூரு மையமும்தான் சித்தூர், திருப்பதிக்காரர்களுக்குப் பக்கம். அருகிலுள்ள மையத்தில் பதியலாம் என்று கொள்கை சொல்கிறது. இதைத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகையில் எழுதித் திருப்பதி ருயா மருத்துவமனை வாசலிலும் சித்தூர் மாவட்ட மருத்துவமனை வாசலிலும் வைத்தால் பல குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும்.

பிறந்த குழந்தைகள் எல்லோரையும் சோதிக்கும் தேசியத் திட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. கோவாவும் கேரளமும் மாநில அளவில் செய்து காட்டின. திருமலை தேவஸ்தானம் தொடங்கிய வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம், அரசு மகப்பேறு மருத்துவமனை, 2021-ல் திறந்த பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை எல்லாம் திருப்பதி என்ற ஒரே ஊரில் இருக்கின்றன. பக்தர்கள் காணிக்கையால் ஏழைகளுக்குச் சிகிச்சை தரப் பிராணதான அறக்கட்டளையும் இருக்கிறது. ஒரு மாநிலம் செய்யத் தயங்குவதை ஓர் ஊர் தொடங்கலாம். பயோட்டினிடேஸ், அட்ரினல், காலக்டோசீமியா, ஜி6பிடி என்று மலிவான மாத்திரையோ உணவு மாற்றமோ எச்சரிக்கையோ போதுமான நான்கு ஐந்து நோய்களில் தொடங்கினால், கோடி ரூபாய்க் கேள்வி வருவதற்கு முன்பே பிள்ளைகள் பிழைப்பார்கள். இங்கே எந்தப் பிழைகள் அதிகம், எந்த மருந்தை முதலில் தேட வேண்டும் என்பதும் அந்தச் சோதனைகளிலிருந்தே தெரியவரும்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் குழந்தையின் குதிகாலைச் சற்றுச் சூடாக்கி, ஓரத்தில் ஊசியால் குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்களில் சில சொட்டு ரத்தம் விட வேண்டும். வெயில் படாமல் மூன்று நான்கு மணி நேரம் உலர வைத்தால் போதும். குழந்தை அதற்குள் அழுகையை நிறுத்திப் பால் குடித்துத் தூங்கியிருக்கும். உலர்ந்த அட்டையை உறையிலிட்டுச் சாதாரணத் தபாலில் அனுப்பலாம்.